தவில் இருந்த பக்கம்

வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. இதை எனக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டுதான் கம்பியைத் தொடுகிறேன், ஜெபமாலை உருட்டுகிற மாதிரி. நான்கும் தலைமுடியைவிடச் சன்னம். மூச்சு பட்டால் ஆடுகின்றன. அதனால் இருக்கிற மூச்சை விட்டுவிட்டு, அடுத்த மூச்சு வருவதற்குள் ஈயத்தை வைத்துவிட வேண்டும், வைத்தேன், வெள்ளை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மணி இரண்டு. கீழே அம்மா கறிச்சட்டியைத் தேய்க்கிறாள். அந்தச் சத்தம் வலது பக்கமிருந்து வருகிறது, சமையல்கட்டோ எனக்கு இடது பக்கம் இருக்கிறது. இதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிடலாம். மாடிப்படி வலது பக்கம், சத்தம் படியேறி வருகிறது, அவ்வளவுதான், படி இருக்கும்போது அது ஏன் சுவரைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். நீலத்தை எடு. ரெக்கார்ட் பிளேயரின் கை, அதாவது முனையில் முள்ளைத் தாங்கிக்கொண்டு தட்டின் மேல் மெல்ல நகர்கிற அந்த அலுமினியக் குழல், அதன் வயிற்றுக்குள் ஓடுகிற இந்த நான்கு கம்பிகளைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது தடவையாக. முதலில் கழற்றியது அப்பா காலத்துச் செம்பு, பச்சை பூத்திருந்தது, இதுதான் காரணம் என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாவது தடவை நான் வைத்த ஈயம் சரியில்லை என்று முடிவு செய்தேன். இப்போது வெள்ளி. பெங்களூரிலிருந்து தபாலில் வந்த வெள்ளிக் கம்பி, அரை மீட்டர், ஒரு சின்னக் காகித உறைக்குள் சுருட்டி, திருநீறு பொட்டலம் மாதிரி வந்தது. இடது பக்கம் சத்தம் குறைகிறது, அதற்காக. இடது பக்கம் சத்தம் குறைந்தால் அது கம்பி. இல்லாவிட்டால், இல்லாவிட்டால் என்று ஒன்றும் இல்லை, கம்பிதான்.

தட்டு, கல்யாண வீட்டுத் தட்டு. அப்பா மைக் செட் வைத்திருந்த நாளில் பந்தல்கால் நட்ட கையோடு முதலில் போடுகிற நாதசுரத் தட்டு. அட்டையுறை எப்போதோ கிழிந்து போய், துணிக்கடைப் பையில் கிடக்கிறது. அதில் நாதசுரம் வலது, தவில் இடது, பதிவு செய்தவர்கள் அப்படி உட்கார வைத்திருக்கிறார்கள். இந்த நாற்காலியில் நேராக உட்கார்ந்து கண்ணை மூடினால் இரண்டு பேரும் தெரிவார்கள். எனக்கு எப்போதும் தவில்காரரைத்தான் பிடிக்கும். நாதசுரக்காரர் மூச்சிழுக்கிற இடைவெளியில் அவர் விரலில் மாட்டியிருக்கிற கூடு தோலில் ஒரே ஒரு தடவை தட்டும், ‘இருக்கேன், இருக்கேன், நீ வா’ என்கிற மாதிரி. ஆடி மாதத்தில் ஒரு நாள் அவர் ஒரு முழம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். வெயிலாக இருக்கும் என்று நினைத்தேன், சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன், தட்டுக்குள் வெயிலடிக்கும் என்று. ஆவணியில் தூணுக்குப் பின்னால் போனார். இப்போது ஐப்பசி, அவர் பந்தலை விட்டே இறங்கிவிட்டார், தெருமுனையில் நின்று வேறு யாருடைய கல்யாணத்துக்கோ வாசிக்கிறார். கம்பியா, இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ஸ்பீக்கருக்குப் போகிற முனையில் வெள்ளையைச் சிவப்பின் இடத்திலும் சிவப்பை வெள்ளையின் இடத்திலும் மாட்டிப் பார்க்க வேண்டும், நீலத்தையும் பச்சையையும் அதே மாதிரி. குறை வலதுக்குத் தாவினால் கம்பி. இடதிலேயே நின்றால் நான். இந்த ஊரில் ரேடியோ ரிப்பேர் பழகுகிற எந்தப் பயலும் முதல் நாள் செய்வது அதைத்தான். நான் மூன்று மாதமாக மற்ற எல்லாவற்றையும் செய்துவிட்டேன். அதுகூட வேண்டாம், நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதும். நாற்காலியின் நான்கு கால்களும் இருக்கிற இடத்தில் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அசையாமல் இருப்பதற்காக என்று அம்மாவிடம் சொன்னேன். அது பொய்யில்லை.

சிவப்பு. சிவப்பு எப்போதும் சுலபமாகப் பிடிக்கிறது. ஈயத்திலிருந்து எழும்புகிற புகை மூக்கில் ஏறுகிறது, சாம்பிராணியும் கருகிய ரப்பரும் கலந்த வாசனை. என் வேலையும் காதை வைத்துத்தான். சென்னையில் ஒரு கம்பெனி புத்தகங்களை ஆளை வைத்து வாசித்துப் பதிவு செய்கிறது, பதிவு இங்கே எனக்கு வரும், வாசிக்கிறவர் எச்சில் விழுங்குகிறதை, பக்கம் புரட்டுகிறதை, தூரத்தில் குக்கர் விசில் அடிக்கிறதை எல்லாம் வெட்டிச் சுத்தம் செய்து அனுப்புவேன். போன வாரம் அந்தக் கம்பெனியின் பிரிசில்லா மேடம் போனில், “பிரிட்டோ, பதினாலாவது அத்தியாயத்துல ஒரு நாய் குரைக்குதுப்பா, நீ விட மாட்டியே,” என்றார். நாய் இடது பக்கம் குரைத்திருக்கிறது. “நெட் சரியில்ல மேடம், பழைய ஃபைல் போயிருக்கும்,” என்றேன். அவர் நம்பினார், நம்பாமலிருக்க ஒரு காரணமும் இல்லை, நான் ஐந்து வருடமாக ஒரு நாயையும் விட்டதில்லை. ஹெட்போனைக் காது மாற்றிப் போட்டுப் பார்க்க ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடி எனக்கு மூன்று மாதமாகக் கிடைக்கவில்லை. போனை இப்போது வலது கையில் பிடிக்கிறேன். யாரோடு நடந்தாலும் அவர்களுக்கு இடது பக்கமாக ஒதுங்கி நடக்கிறேன், பூசையில் தூண் ஓரமாக உட்கார்ந்து சாமியாருக்கு வலது காதைக் கொடுக்கிறேன். இதெல்லாம் நானாக யோசித்துச் செய்தவை இல்லை. உடம்பு எனக்குச் சொல்லாமலே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது, வீட்டில் ஒருவருக்குச் சீக்கு என்றால் பெரியவர்கள் மெதுவாகச் சாமான்களை ஒதுக்கி வைப்பார்களே, அப்படி. பச்சை. பச்சையும் பிடித்துவிட்டது.

ஐந்து மணிக்கு அப்பா வருவார், அதற்குள் முடிய வேண்டும். அப்பா என்றால் சவரிமுத்து, சவரி சவுண்ட் சர்வீஸ், பேகம்பூரிலிருந்து சின்னாளப்பட்டி வரைக்கும் அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டாத மரம் கிடையாது. புளியமர உச்சியில் இரண்டு குழாயை எதிரும் புதிருமாகக் கட்டிவிட்டு இறங்கினால் மூன்று ஊருக்குக் கேட்கும். முப்பத்தொன்றாவது வயதில் அவருக்கு இடது காது மந்தமானது, நாற்பதுக்குள் வலதும். மதுரையில் இடதைத் திறந்து பார்த்தார்கள், திறந்ததோடு அது முழுசாக மூடிக்கொண்டது. மிச்சத்தை யாரும் தொட அவர் விடவில்லை. காதுக்குள் வைக்கிற மிஷின், “தலைக்குள்ள தகரத்தச் சொரண்டுற மாதிரி இருக்குடா,” என்று அவர் சொன்னதோடு பீரோவில் கிடக்கிறது. ‘குழாய்தான் காதைத் தின்னுருச்சு’, ஊரே சொன்னது, அம்மா சொன்னாள், அப்பாவும் சொன்னார், நான் அதை நம்பி வளர்ந்தேன். எவ்வளவு நல்ல நம்பிக்கை அது. குழாய்க்குப் பக்கத்தில் போகாதவனைக் குழாய் தின்னாது. திருவிழாவில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்ற ஒரே பையன் நான்தான். வெடி போட்டதில்லை. சத்தத்தை எப்போதும் பாதிக்குக் கீழே வைத்துக் கேட்டேன். இருபத்தொன்பது வருடம் ஒரு கடனும் வைக்காதவன் வீட்டுக் கதவை ஒருவன் வந்து தட்டுகிறான் என்றால், அவன் தேடி வந்தது குழாயை இல்லை, ரத்தத்தை. வேண்டாம், இதை நினைக்கவில்லை. அப்பா ஐந்து மணிக்கு வந்து பாட்டுக் கேட்பார். விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சி ஒன்று வைத்திருக்கிறார், ஒரு சாண் நீளம், சட்டைப்பையில் பேனா மாதிரி குத்தியிருக்கும். அதன் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை, கை சுழல்கிற அந்தச் சின்னத் தூணின் தலையில் லேசாகத் தொட்டபடி குனிந்து நிற்பார். முள்ளின் நடுக்கம் கை வழியாகத் தூணுக்கு வந்து, குச்சியில் ஏறி, பல்லில் ஏறி, எலும்பு வழியாக உள்ளே போகும். காது வேண்டாம் அதற்கு. யார் சொல்லிக்கொடுத்ததோ, அவரே கண்டுபிடித்ததோ. ஒரு பக்கம் முழுக்க, இருபது நிமிடம், இடுப்பு வலிக்க வலிக்க அப்படியே நிற்பார். தாளம் போட மாட்டார். கண் மட்டும் எங்கேயோ போயிருக்கும்.

படியில் கொலுசுச் சத்தம், பிறகு டீயின் வாசனை, பிறகுதான் அம்மா. முன்பெல்லாம் குரல் முதலில் வரும். “எத்தனை தடவடா கூப்புடுறது?” என்று தம்ளரை மேசையில் வைத்தாள், நான் அவசரமாகக் கம்பிகளைக் கையால் மறைத்தேன். எதற்கு மறைத்தேன்? “கேக்கலம்மா, வேலையா இருந்தேன்.” “கேக்கலையா?” அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள், ஏற்கெனவே காய்ந்த கையை. “என்ன பண்ற?” “கம்பி மாத்துறேன்.” “போன மாசமும் அதத்தான பண்ணுன?” “அது வேற கம்பி. இது வெள்ளி.” “ஆமா, வெள்ளி. எனக்கு ஒரு மெட்டி வாங்கித் தரச் சொல்லி ரெண்டு வருசமாச்சு, அதுக்கு முந்தி இதுக்கு வெள்ளி போட்டாச்சு.” சிரித்தாள், நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்பிலேயே அவள் அதைச் சொல்லிவிட்டாள், “உங்கப்பாவும் இப்பிடித்தான். எங்க கல்யாணமான வருசம் பூரா இந்த மனுசன் ஒயர மாத்திக்கிட்டேதான் இருந்தாரு. வால்வ மாத்துனாரு, முள்ள மாத்துனாரு, குழாயக் கழட்டி அங்கிட்டு இங்கிட்டு கட்டுனாரு. நான் பின்னால நின்னு கூப்புடுவேன், திரும்ப மாட்டாரு. என்னா திமிருன்னு நெனைச்சேன். ஆறு மாசம் நெனைச்சேன்டா. எங்க அம்மாகிட்டச் சொல்லி அழுதிருக்கேன், மதிக்க மாட்டேங்குறாருன்னு.” இந்தக் கதையை அவள் நூறு தடவை சொல்லியிருக்கிறாள், வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவாள், எல்லாரும் சிரிப்பார்கள். இன்றைக்குத்தான் கடைசி வரியைச் சொல்லி முடித்தபிறகு அவள் முகம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. என் இடது பக்கம் வந்து நின்றாள். தற்செயலாகத்தான் இருக்கும். ஏதோ சொன்னாள். அது என்னவென்று எனக்குத் தெரியாது. வாய் அசைந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன், சன்னமாக, சோதிக்கிற மாதிரி ஏதோ சொன்னாள். நான், “ம், சரிம்மா,” என்றேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடித்து முடிக்காத தம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். சரிம்மா என்பது பதிலாகிற கேள்வியாக அது இருந்திருக்க வேண்டும் என்று படி முடிகிற வரைக்கும் வேண்டிக்கொண்டேன்.

தட்டைப் போட்டேன். கையை இறக்கினேன். முள் தட்டில் படுகிற அந்த முதல் ‘சர்’, பிறகு சுருதிக்கு ஊதுகிற ஒத்து, பிறகு வலது பக்கம் நாதசுரம், தேன் தடவிய மாதிரி, வெள்ளிக்கு இவ்வளவு உண்டா என்று ஒரு நொடி எல்லாமே மறந்து போனது. பிறகு தவில் வர வேண்டிய இடம். தெருமுனை. இல்லை, தெருமுனையையும் தாண்டிவிட்டார். சரி, பதற்றப்படாதே, வெள்ளி பழக நாளாகும் என்கிறார்கள், நாற்பது மணி நேரம் ஓட விட வேண்டுமாம். அல்லது கம்பியே இல்லை, பிளேயரின் கைதான். கை அதிர்கிறது, குழல் வெறும் அலுமினியம், அது அதனுடைய சொந்தச் சத்தத்தைப் போட்டு இடது பக்கத்தை விழுங்குகிறது, அதை அடக்கினால் போதும், அதிர்வை அடக்கினால் தவில் திரும்பி வரும். ஏன் இதை முதலிலேயே யோசிக்கவில்லை? யோசித்தது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது, இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு வேலை இருக்கிறது. தாத்தா ஒரு செவிட்டு இடையன் கதை சொல்லுவார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் எங்களை வரிசையாக உட்கார வைத்து, ‘ஒரு ஊர்ல ஒரு செவிட்டு இடையனாம், அவனுக்கு வந்து வாச்சவ அவனுக்கு மேல செவிடாம்’ என்று ஆரம்பித்தாலே நாங்கள் உருண்டு சிரிப்போம், ஆட்டைக் கேட்டால் அவன் மாட்டைச் சொல்லுவான், அவள் உப்பைச் சொல்லுவாள். ஒருநாள் பாதிக் கதையில் அப்பா வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டார். தாத்தா அவரைப் பார்த்தார். ‘அந்த நொண்டி இடையன் இருக்கானே’ என்று அப்படியே மாற்றிவிட்டார். நொண்டி இடையனிடம் ஆட்டைக் கேட்டால் அவன் ஏன் மாட்டைச் சொல்ல வேண்டும்? கதை அங்கேயே கால் ஒடிந்து விழுந்தது. நாங்கள் முழித்தோம். தாத்தா மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டே போனார், வேர்த்துக் கொட்டியது அவருக்கு, அப்பாவுக்கு ஒரு வார்த்தையும் கேட்காது என்பதுகூட அவருக்கு அந்த நேரம் மறந்துவிட்டது. கடைசியில் தாத்தா தானே சிரித்தார், அவருக்காக நாங்கள் சிரித்தோம், நாங்கள் சிரித்ததைப் பார்த்து அப்பா சிரித்தார். கடைசியாக. எப்போதும் கடைசியாக. என் பயம் செவிட்டைப் பற்றி இல்லை என்று தோன்றுகிறது. அந்தக் கடைசிச் சிரிப்பைப் பற்றி. நான் உள்ளே வரும்போது யாரோ கதையை மாற்றுவார்கள்.

சைக்கிள் டியூப். பழைய டியூபில் இரண்டு வளையம் வெட்டினேன், தூண் பலகையில் உட்கார்கிற இடத்தில் அடியில் ஒன்று, மேலே ஒன்று, இனி பலகைக்கும் தூணுக்கும் நடுவில் ரப்பர். குழலுக்கு மேலே கறுப்பு ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினேன், அது சுருங்கிப் பிணத்துக்குச் சுற்றிய துணி மாதிரி இறுகிக்கொண்டது. சுழல்கிற குழியில் கெட்டியான சிலிக்கான் எண்ணெய் மூன்று சொட்டு. விரல் நகத்தால் குழலைத் தட்டிப் பார்த்தேன், முன்பு ‘ணங்’ என்று பதில் சொல்லும், இப்போது ‘தொப்’. நல்லது. இன்னும் ஒரு வளையம். இன்னும் கொஞ்சம் எண்ணெய். அடக்கு, அடக்கு. அப்பா சொல்லுகிற இன்னொரு கதை இருக்கிறது, அதுவும் சிரிப்புக் கதைதான், எங்கள் வீட்டில் எல்லாமே சிரிப்புக் கதைதான். மதுரை டாக்டர் இரும்புக் கவட்டை ஒன்றை முழங்காலில் தட்டி ரீங்கரிக்க வைத்து அவர் நெற்றி நடுவில் வைத்தாராம். “எந்தப் பக்கம் கேக்குதுன்னு சைகையில கேட்டாரு. எனக்கு ஒரே சந்தோசம், இடது பக்கம் கணீர்னு கேக்குது, கெட்டுப்போச்சுன்னு நெனைச்ச காதுல! இடதுன்னேன். அவரு கையில எழுதிக் காட்டுனாரு, அப்ப இடதுதான் போகுதுன்னு. நடுவுல வச்சா, கெட்ட பக்கந்தான் நல்லாக் கேக்குமாம். எலும்புல வர்ற சத்தம் வெளிய போக வழியில்லாம அங்கனயே கெடந்து கத்துமாம். எங்கயாச்சும் இப்பிடி ஒரு ஞாயம் உண்டாடா? நல்லாக் கேட்டதுக்கு அபராதம்!” தொடையைத் தட்டிக்கொண்டு சொல்லுவார். மணி நாலே முக்கால். தட்டைப் போட்டேன். சத்தம் சுத்தமாக இருந்தது, இதுவரைக்கும் கேட்காத சுத்தம், நாதசுரக்காரரின் உதட்டு ஈரம்கூட வலது பக்கம் கேட்டது. இடது பக்கம் ஒரு காலி நாற்காலி. நான் எழுந்து போய் இடது ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் முட்டி போட்டு, அதன் வலைத்துணியில் விரலை வைத்தேன். துணி துடித்தது. பலமாக, தாளம் தப்பாமல், என் விரல் நுனியில் தவில் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டி சரி. கம்பி சரி. விரலை எடுத்துவிட்டு மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன், சாக்பீஸ் வட்டத்துக்குள். விரல் பொய் சொல்லுகிறது என்றுகூட ஒரு வாதம் தயாரானது.

“டீ குடிச்சியாடா?” அப்பாவின் குரல் எப்போதும் மரத்துக்கு மேலே இருக்கிறவனைக் கூப்பிடுகிற குரல். குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, ஏதோ கச்சேரிக்குப் போகிறவர் மாதிரி வந்தார். தட்டு சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் பையிலிருந்து ஈர்க்குச்சியை உருவினார், சட்டையில் துடைத்தார், கடித்தார், குனிந்தார், மறுமுனையைத் தூணின் தலையில் வைத்தார். நான் அப்போதுதான், சத்தியமாக அப்போதுதான், என் கை என்ன செய்திருக்கிறது என்று பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் வரவில்லை. குச்சியை எடுத்து முனையைப் பார்த்தார். திருப்பிக் கடித்தார். வேறு இடத்தில் வைத்தார், பலகையில், மறுபடி தூணில். தட்டு சுற்றுகிறதா என்று குனிந்து பார்த்தார், முள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மெதுவாக, அவருக்குத் தெரிந்த அளவு மெதுவாக, “பிரிட்டோ, இதுவும் போயிருச்சாடா?” என்றார். நிமிர்ந்து நின்ற அவர் கண்ணில் இருந்ததை நான் இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், தாத்தாவின் அடக்கத்தில், எல்லாரும் பாடுகிறபோது. நான் வேகமாகத் தலையாட்டினேன், இல்லை இல்லை, நான்தான், நான் பண்ணினது, நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன், ரப்பரைக் காட்டினேன். அவர் கிட்டே வந்து ரப்பரைப் பார்த்தார், குழலின் கறுப்பு உறையைத் தடவினார், குழியிலிருந்த எண்ணெயை விரலால் தொட்டு முகர்ந்தார். வெள்ளிக் கம்பி வந்த காகித உறையைக் கையில் எடுத்தார். தரையில் இருந்த நான்கு வட்டங்களைப் பார்த்தார். நான் மோட்டாரை நிறுத்தி, பிளேடை எடுத்துக் கறுப்பு உறையை நீளவாக்கில் கிழித்தேன், வளையங்களை வெட்டி உருவினேன், பஞ்சை வைத்து எண்ணெயை ஒற்றி எடுத்தேன். அரை மணி நேரம். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், குழாய் கட்டுகிற ஆளை மரத்தடியில் நின்று பார்க்கிற மாதிரி. மறுபடி முள் இறங்கியதும் கடித்தார். உடனே தோள் இறங்கியது. “ம், இருக்கு,” என்றார் குச்சிக்கு நடுவே. ஆனால் நிற்கவில்லை. ஒரு நிமிடம்கூட இருக்காது, குச்சியை எடுத்து, கடித்த முனையைச் சட்டையில் துடைத்து, என்னிடம் நீட்டினார். “நீ கடி.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வேலை இருக்கிறது, பல் கூசுகிறது, ஏதாவது சொல்லியிருக்கலாம், இருபத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு தடவையும் அந்தக் குச்சியை யாரிடமும் கொடுத்ததில்லை. குச்சி லேசாக ஈரமாக இருந்தது, வெற்றிலைக் காம்பு வாசனை. கடித்தேன். குனிந்து தூணைத் தொட்டேன். முதலில் பல்லில் ஒரு கூச்சம், பிறகு மண்டை முழுக்க ஒரு குளவிக்கூடு, பிறகு அது பிரிந்து பாட்டானது. குச்சிக்கு இடது வலது கிடையாது. ஒற்றை ஈர்க்குச்சி, முன்பல்லில், நடுவில். அது வலது பக்கம் போகலாம், நடுவில் நிற்கலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம். நாதசுரமும் தவிலும் இரண்டு பேரும் எழுந்து, சாமானைத் தூக்கிக்கொண்டு, நேராக இடது பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். கணீரென்று. மூன்று மாதமாகத் தெருத் தெருவாக நான் தேடிய தவில், விரல் கூடு தோலில் படுகிற அந்த ஒற்றைத் தட்டு, காதுக்குப் பக்கத்தில் இல்லை, காதுக்கு உள்ளே, வெளியே போக வழியில்லாமல், இருக்கேன், இருக்கேன். இவ்வளவு அழகாக அதை நான் ஒருபோதும் கேட்டதில்லை. எடுக்க மனமில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்தது, தட்டில் விழக்கூடாது என்று மட்டும் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டேன். அப்பா என் எதிரே வந்து நின்றார். இரண்டு ஆள்காட்டி விரலையும் நீட்டி, இதுவா, அதுவா என்று இரண்டு காதையும் காட்டினார். என் வாயில் குச்சி. சொல்லாமலிருக்க அது போதும் என்று நினைத்தேன். என் இடது கை தானாக மேலே எழும்பி நின்றது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். தலையை ஒருமுறை ஆட்டினார், கணக்கு சரிதான் என்கிற மாதிரி. என்னைத் தொடவில்லை, டாக்டர் கதையைச் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் போய் விளக்குமாற்றை எடுத்தார், தலைகீழாகத் திருப்பி ஒவ்வொரு ஈர்க்காக வளைத்துப் பார்த்தார், ஒடிகிறதை விட்டு, வளைகிறதை விட்டு, நேராக இருக்கிற ஒன்றை உருவினார். என் பக்கத்தில் வந்து, நான் கடித்திருக்கிற குச்சியோடு அதைச் சேர்த்துப் பிடித்து அளந்து, நகத்தால் கிள்ளி ஒடித்தார். தூசியை ஊதினார். படிப் பக்கம் திரும்பி, மரத்துக்கு மேலே இருக்கிறவளைக் கூப்பிடுகிற குரலில் அம்மாவிடம், “செல்லம்மா, நாளைக்கு வேற வெளக்கமாறு வாங்கணும்!” என்றார். கீழே டீச்சட்டி தேய்க்கிற சத்தம் நின்றது. அது எந்தப் பக்கம் நின்றது என்று நான் பார்க்கவில்லை.